மூன்றாவது ஊசி எங்கே தொலைகிறது

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்செடுத்தாலும், ‘பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்கு இது பாதிதான் பொருந்தும். நர்சிங் படிக்கிற பெண்ணுக்கு எந்த வைரஸ், எந்த வகை, எத்தனை டோஸ் என்று தேர்வில் எழுதத் தெரியும். அவளே போட்டுக்கொண்டாளா என்று கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். தெரிந்திருப்பதற்கும் கையில் ஊசி ஏறுவதற்கும் நடுவில் ஐந்தாறு இடங்களில் ஆள் கழன்றுவிடுகிறார். ஒவ்வோர் இடத்திலும் காரணம் வேறு, அதைச் சரிசெய்கிற வழியும் வேறு.

முதலில் நோயின் கணக்கு. 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் புதிதாகக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 1,27,000 பேர், இறந்தவர்கள் சுமார் 80,000 பேர். இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு, உடலுறவில் பரவும் எச்.பி.வி. வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் காரணம். தொற்று பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால் புற்றாக மாற 15, 20 ஆண்டுகள் ஆகும். அதாவது 20 வயதில் ஒட்டியது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில்தான் வெளியே தெரியும். உடம்பில் ஏற்கெனவே இருக்கிற தொற்றை ஊசி விரட்டாது, இனி வரப்போவதைத்தான் தடுக்கும். சின்ன வயதிலேயே போடச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம். இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்ட தலைமுறையில் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது என்று 2021இல் ஆய்வு வெளியானது.

2025 மார்ச்சில் தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில், 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மனதார வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இன்று 18லிருந்து 26 வயதுக்குள் இருக்கிற பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டவர்கள். தானே தேடிப்போய், தன் காசில், தன் நாள்கணக்கை வைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியவர்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. (14 வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு குறிப்பு: தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒரு நிர்வாகம், அந்தப் பக்கம் ஒரு நிர்வாகம். பிள்ளை புதுச்சேரிப் பக்கம் பாகூரில் இருந்துகொண்டு கடலூரில் படித்தால், பள்ளி, வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் இரண்டு இடத்திலும் கேளுங்கள். ஒரு பட்டியலில் விடுபட்டாலும் இன்னொன்றில் பெயர் ஏறலாம்.)

ஆள் கழல்கிற முதல் இடம் மருத்துவரின் அறை. பல நாட்டு ஆய்வுகளிலும், ஒரு பெண் இந்த ஊசியைப் போட்டுக்கொள்வதற்கு மிக வலுவான காரணங்களில் ஒன்று ‘டாக்டர் சொன்னார்’ என்பதுதான். எப்படிச் சொல்கிறார் என்பதில் இருக்கிறது விஷயம். ‘இப்படி ஒரு ஊசி இருக்கு, வேணும்னா போட்டுக்கலாம்’ என்றால், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகிற பெண் திரும்ப வருவது அரிது. ‘உன் வயசுக்கு இந்த ஊசி போடணும்மா. இன்னிக்கு முதல் ஊசி, அடுத்ததுக்கு ஆகஸ்ட் பத்து வா’ என்றால் கதை வேறு.

இதற்குள் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தடுப்பூசியை ஃபிரிட்ஜில் வாங்கி வைத்திருப்பவர் குழந்தை மருத்துவர். 19 வயதுப் பெண் அவரிடம் போகமாட்டாள். மாதவிலக்கு தள்ளிப்போகிறது, வெள்ளைப்படுகிறது, ரத்தம் குறைவு என்று அவள் போவது மகப்பேறு மருத்துவரிடம். அவரிடம் பல நேரம் மருந்து இருப்பில் இருக்காது, சீட்டு எழுதிக் கொடுப்பார். சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனால் ‘ஆர்டர் போட்டுத் தரோம், நாளைக்கு வாங்க’ என்பார்கள். பண்ருட்டியிலிருந்தோ குறிஞ்சிப்பாடியிலிருந்தோ பஸ் ஏறி வந்தவளுக்கு நாளைக்கு இன்னொரு நடை என்பது முடியாத காரியம். குடும்பத்துக்குப் பழக்கமான குழந்தை மருத்துவர் இருந்தால், கூச்சப்படாமல் அவருக்கே போன் செய்து ‘கல்லூரி படிக்கிற பொண்ணுக்கு எச்.பி.வி. போடுவீங்களா?’ என்று கேட்பதுதான் இந்தச் சுற்றலைத் தவிர்க்கிற எளிய வழி. நிறைய பேர் போடுவார்கள்.

மருந்தைக் கடையில் நீங்களே வாங்கித்தான் வர வேண்டும் என்றால் கவனம் வேண்டும். இந்த ஊசி மருந்து 2லிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஸ்கூட்டி டிக்கியில் போட்டு மே மாத வெயிலில் கடலூர் லாரன்ஸ் ரோடு நெரிசலில் நின்றால் சூடேறும். சூட்டுக்குப் பயந்து ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்தால் அதைவிட மோசம். மருந்தில் அலுமினியச் சேர்மம் இருக்கிறது, ஒருமுறை உறைந்து உருகினால் வீரியம் போய்விடும், திரும்ப வராது. ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, மருந்தை அட்டைப்பெட்டியோடு தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து நேராகக் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்து மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம். ஃப்ரீசருக்கு அடியில் உள்ள தட்டில் உறைந்துவிடக்கூடும், கதவுப் பக்கம் சூடேறும். நல்ல மருந்து குலுக்கினால் வெண்மையாக ஒரே சீராகக் கலங்கும். திப்பித் திப்பியாக மிதந்தாலோ, குலுக்கி வைத்த சற்று நேரத்திலேயே அடியில் படிந்தாலோ ‘இது வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மழைக்காலத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது போன்ற நாட்களுக்குப் பிறகு, கரன்ட் இல்லாத நேரத்தில் மருந்தை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கடையில் கேளுங்கள். பொறுப்பான கடைக்காரர் கோபப்படமாட்டார், வெப்பமானியைக் காட்டுவார்.

இரண்டாவது இடம் காசு. பல ஆண்டுகளாக இங்கே கிடைத்தது இறக்குமதி ஊசிதான். நான்கு வகைக்கான கார்டாசில் ஒரு டோஸ் ஏறத்தாழ 4,000 ரூபாய், ஒன்பது வகைக்கான கார்டாசில் 9 ஒரு டோஸ் 10,000 ரூபாய்க்கும் மேல். மூன்று டோஸ் என்றால் பெருக்கிப் பாருங்கள். புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2022இல் அனுமதி பெற்று, 2023 ஜனவரியில் அறிமுகமானது. இரண்டு டோஸ் கொண்ட குப்பி 2,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். இதுவும் 6, 11, 16, 18 என்ற நான்கு வகைக்கானது, 9லிருந்து 26 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் போடலாம். விலை காலத்துக்கும் கடைக்கும் மாறும் என்பதால் போன் செய்யும்போது மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எந்த பிராண்டு இருக்கிறது, ஒரு டோஸுக்கு என்ன விலை, ஊசி போடுகிற கட்டணம் தனியா. எல்லாவற்றிலும் விலை உயர்ந்ததுதான் நல்லது என்று காத்திருந்து காத்திருந்து ஒன்றுமே போடாமல் 26ஐத் தாண்டுவது பெரிய நஷ்டம். 16, 18 இரண்டும் எல்லா ஊசியிலும் இருக்கின்றன. கையில் இருக்கிற காசுக்குக் கிடைக்கிற ஊசியை இந்த மாதமே தொடங்குவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. காப்பீட்டு அட்டையை நம்பி இருக்க வேண்டாம். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கிற சிகிச்சைக்கானது.

காசோடு சேர்ந்து வருகிற வீண்செலவு ஒன்று உண்டு. ஊசிக்கு முன்னால் எச்.பி.வி. பரிசோதனையோ, கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கிற பாப் ஸ்மியரோ செய்து வரச் சொன்னால், தேவையில்லை. கர்ப்பப் பரிசோதனையும் தேவையில்லை. இந்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் மணமாகாத பெண்ணின் அம்மா பயந்துபோய் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். 300 ரூபாயோ 3,000 ரூபாயோ, அந்தப் பணம் இரண்டாவது டோஸுக்கு ஆகட்டும்.

மூன்றாவது இடம்தான் தலைப்பில் சொன்னது. 9லிருந்து 14 வயதுக்குள் தொடங்கினால் இரண்டு டோஸ், ஆறு மாத இடைவெளி. 15லிருந்து 26 வயதுக்கு ஊசிப் பெட்டியில் உள்ள அட்டவணைப்படி மூன்று டோஸ்: முதல் நாள், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம். முதல் ஊசிக்கு அம்மா கூட வருகிறார், இரண்டாவதுக்குத் தோழி வருகிறாள், மூன்றாவது மறந்துபோகிறது. மறக்கிறதுக்கு மனசு காரணமில்லை, காலண்டர்தான் காரணம். அக்டோபரில் தொடங்கினால் இரண்டாவது டிசம்பரில், மழையும் செமஸ்டர் தேர்வும் சேர்ந்து வரும் நேரத்தில். மூன்றாவது ஏப்ரலில், அடுத்த தேர்வுக்கு. கல்லூரி திறக்கிற ஜூனில் தொடங்கினால் கணக்கு நன்றாக உட்காரும். ஜூன் 20 முதல் ஊசி, ஆகஸ்ட் 20 இரண்டாவது, டிசம்பர் 20 மூன்றாவது. தேர்வு அநேகமாக முடிந்திருக்கும், தை பிறக்க இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும்.

தை மாதத்தை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கல்யாணம் நிச்சயமான பெண் ஊசிக்கணக்கில் பாதியில் நின்றுபோவது இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கிறது. கல்யாண வேலையில் முடிவு தள்ளிப்போகும், பிறகு புகுந்த வீடு, புது ஊர், ‘இது எதுக்கு இப்போ?’ என்று கேட்கிற மாமியார், அதற்குள் கர்ப்பம். கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி போடுவதில்லை. பாதியில் கர்ப்பமானால் மீதி டோஸைப் பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம், பால் கொடுக்கும்போதும் போடலாம். கர்ப்பம் என்று தெரியாமல் ஒரு டோஸ் போட்டுவிட்டால் பதற வேண்டியதில்லை, கலைக்கவும் வேண்டியதில்லை. பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவைத்தால் போதும். கல்யாணமான பெண்ணுக்கு ஊசியால் பயன் இல்லை என்பதும் தவறு. ஒன்றிரண்டு வகை தொற்றியிருந்தாலும் மற்ற வகைகளிலிருந்து காப்பு கிடைக்கும். பயன் முன்பைவிடக் குறைவு, அவ்வளவுதான். புது மணப்பெண் ஆடிக்குத் தாய்வீடு வருகிற வழக்கம் இந்த விஷயத்தில் பெரிய உதவி. பழகிய ஊர், பழகிய டாக்டர், கூட வர அம்மா. விட்ட டோஸை அந்த மாதத்தில் முடித்துவிடலாம்.

தேதி தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? வேண்டாம். எட்டு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முன்கூட்டிப் போடுவதற்குத்தான் வரம்பு உண்டு: முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் குறைந்தது 4 வாரம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் குறைந்தது 12 வாரம், முதலுக்கும் மூன்றாவதுக்கும் குறைந்தது 5 மாதம். இது தெரியாததால் ‘நாள் தவறிடுச்சு, இனிமே போய் என்ன’ என்று நின்றுவிட்டவர்கள் நிறைய. இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், 20 வயது வரை ஒரு டோஸ் அல்லது இரண்டு டோஸ், 21க்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் என்று நாடுகளுக்கு வழிகாட்டியது. எச்.ஐ.வி. போன்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இரண்டாவது கட்டாயம், முடிந்தால் மூன்று. மூன்றாவது ஊசிக்குக் காசில்லை என்பதால் முதல் ஊசியே வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது தவறான முடிவு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு டோஸ் பற்றிய அறிவு பிறந்த கதையில் நம் நாட்டின் கசப்பான அனுபவம் ஒன்று இருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் பள்ளிச் சிறுமிகளுக்கு இந்த ஊசி போடும் முன்னோட்டத் திட்டம் நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். விசாரணையில் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா போன்ற காரணங்கள் வெளிவந்தன, ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் சம்மதப் படிவத்தில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டது அம்பலமானது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அதே நேரத்தில் ஒன்பது மையங்களில் இரண்டு டோஸ், மூன்று டோஸ் ஒப்பீட்டு ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதுவும் பாதியில் நின்றதால், சேர்ந்திருந்த 17,729 பெண்களில் பல ஆயிரம் பேர் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். அவர்களைப் பத்தாண்டு வரை தொடர்ந்து கவனித்தபோது, 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை ஒரு டோஸே 95 சதவீதம் தடுத்தது 2021இல் தெரியவந்தது.

இன்றும் ‘முன்னாடி பிள்ளைங்க செத்துப்போச்சாமே’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்த 2010 செய்திதான். அம்மா ஒருவர் அதைக் கேட்டால் சிரித்துத் தள்ளக்கூடாது. அங்கே ஒரு தப்பு நடந்தது, பெற்றவர்களைக் கேட்காமல் செய்தார்கள், அது தப்புதான் என்று ஒப்புக்கொண்டு, பிறகு மரணக் காரணங்களைச் சொல்ல வேண்டும். நடைமுறையில் இதற்குப் பொருள்: 18 நிறைந்த பெண்ணிடம் அவளே படித்துப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும், 18க்குக் கீழ் என்றால் பெற்றோரிடம். கல்லூரி விடுதி வார்டன் கையெழுத்து எந்த நிலையிலும் கூடாது.

அம்மாக்கள் கேட்கிற கேள்வி உண்மையில் இரண்டுதான். ஒன்று, ‘நாளைக்குக் குழந்தை பிறக்கறதுல ஏதாவது சிக்கல் வருமா?’ ஊசிக்குள் உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸின் மரபணுவும் கிடையாது. வைரஸின் மேலோட்டுப் புரதம் மட்டும்தான். உலகெங்கும் கோடிக்கணக்கான டோஸ் போட்டபிறகும் மலட்டுத்தன்மைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நோய்தான் கருப்பைக்கு ஆபத்து: புற்றுக்கு முந்தைய நிலையில் கருப்பை வாயின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் குறைமாதப் பிரசவ வாய்ப்பு கூடும், புற்று முற்றினால் கருப்பையையே எடுக்க நேரும். இரண்டாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்: ‘உடலுறவில் வர்ற நோய்க்கு என் பொண்ணுக்கு எதுக்கு ஊசி?’ பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது. இந்த வைரஸ் திருமணமான, ஒரே துணையோடு வாழ்கிற பெண்களுக்கும் வருகிறது, கணவன் மூலமாகவே வரும். பெண்ணின் நடத்தையை வைத்து ஊசி போடுவதில்லை, வயதை வைத்துத்தான் போடுகிறோம். ‘புற்றுநோய் தடுப்பூசி’ என்று பேச்சைத் தொடங்குவது சரி. எப்படிப் பரவுகிறது என்று கேட்டால் மறைக்காமல் சொல்வதும் சரி. மறைத்தது பிறகு தெரிந்தால் அடுத்த டோஸுக்கு வரமாட்டார்கள்.

ஊசி போடுகிற அன்றைக்குச் செய்ய வேண்டியவை சின்னவை, ஆனால் பலன் பெரியது. நெல்லிக்குப்பம் பக்கமிருந்து காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சாப்பிடாமல் வருகிற பெண்கள் பாதிப் பேர். வெள்ளிக்கிழமை விரதம் வேறு. வெறும் வயிறு, வரிசையில் நிற்கிற பயம், முன்னால் நிற்பவளின் முகச்சுளிப்பு எல்லாம் சேர்ந்து ஒருத்திக்குத் தலை சுற்றும். அவள் விழுவதைப் பார்த்து அடுத்தவள் விழுவாள். கொலம்பியாவில் எல் கார்மென் தே போலிவார் என்ற ஊரில் 2014இல் ஊசிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான சிறுமிகள் இப்படி மயங்கிய காணொளிகள் பரவின. ஊசியில் கோளாறு இல்லை என்று விசாரித்துச் சொன்ன பிறகும், 90 சதவீதத்துக்கு மேல் இருந்த முதல் டோஸ் அளவு 2016இல் 14 சதவீதத்துக்கு வந்துவிட்டது. கல்லூரியில் முகாம் வைப்பவர்கள் இட்லியோ பிஸ்கட்டும் டீயுமோ முதலில் கொடுத்துவிட்டு, ஊசி போடுகிற மேசையைத் திரைக்குப் பின்னால் வைக்க வேண்டும். உட்கார வைத்துத்தான் போட வேண்டும், போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருக்க வைக்க வேண்டும். மயங்கினால் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடத்தில் எழுந்துவிடுவாள்.

ஊசி தோளுக்குக் கீழே, மேற்கையின் தசையில், 0.5 மில்லி. கை இறுக்கமான சுடிதார் போட்டுக்கொண்டு வந்தால் சட்டையை மேலே ஏற்ற முடியாமல் ஊசி கீழே இறங்கித் தவறான இடத்தில் போகும். தளர்ந்த கை வைத்த உடை போதும். மாதவிலக்கு நாளிலும் போட்டுக்கொள்ளலாம், ‘தீட்டு முடிஞ்சு வரேன்’ என்று தள்ளத் தேவையில்லை. சினைப்பை நீர்க்கட்டிக்கு (பி.சி.ஓ.டி.) மாத்திரை சாப்பிட்டாலும் தடையில்லை. நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் தணிந்தபின் வரலாம். முன் டோஸுக்கோ ஈஸ்ட்டுக்கோ கடுமையான ஒவ்வாமை இருந்திருந்தால் போடக்கூடாது. கை ஒரு நாள் இரண்டு நாள் வலிக்கும், லேசாகக் காய்ச்சலும் தலைவலியும் வரலாம். பாராசிட்டமால் போதும், போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். கடைசியில் கையில் ஒரு அட்டை இருக்க வேண்டும்: பிராண்டு, பேட்ச் எண், தேதி, அடுத்த தேதி. அட்டை தொலையும், ஆகவே அங்கேயே போனில் படம் எடுத்து, அடுத்த தேதிக்கு ஒரு வாரம் முன்னதாக அலாரம் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊசி போட்டாலும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனை வேண்டும். வைரஸின் எல்லா வகைகளையும் ஊசி தடுக்காது. மகளோடு துணைக்கு வருகிற அம்மாவுக்குப் பெரும்பாலும் 40 வயதுக்கு மேல், அவருக்கு ஊசியைவிடப் பரிசோதனைதான் அவசரம். திண்டுக்கல் மாவட்டத்தில் நர்சுகள் கருப்பை வாயில் அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவிப் பார்த்த ஆய்வில், ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையால் இந்தப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது 2007இல் வெளியானது. சில நிமிட வேலை, அங்கேயே முடிவு சொல்லிவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள். மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து, மகளின் இரண்டாவது டோஸ் தேதியிலேயே அம்மாவுக்கும் பெயர் பதிந்து வைத்தால், இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து போகலாம்.